யானைக் குட்டிகளுக்கு அடைக்கலம் தந்த டேவிட் ஷெல்ட்ரிக் யார்?

கம்பளி போர்த்திய யானைக் குட்டி ஒன்று, பெரிய பால்புட்டியை ஒரே மூச்சில் காலி செய்யும் காணொளி உங்கள் கைத்தொலைபேசியிலும் வந்திருக்கும். "அட, எவ்வளவு அழகு!" என்று நண்பர்களுக்கும் அனுப்பியிருப்பீங்க. அத்தகைய காணொளிகளில் பல, கென்யாவின் தலைநகர் நைரோபியில் உள்ள ஷெல்ட்ரிக் காப்பகத்தில் எடுக்கப்பட்டவை.

ஷெல்ட்ரிக் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருபவர் டாஃப்னி ஷெல்ட்ரிக். காப்பகத்தை நிறுவியவர் அவர்தான். ஆனால் அவர் அதைத் தொடங்கியது மறைந்த கணவர் டேவிட்டின் நினைவாக.

டேவிட் 1919இல் எகிப்தின் அலெக்ஸாண்டிரியா நகரில் பிறந்தார். வளர்ந்தது கென்யாவில். குடும்பத்துக்கு அங்கே காப்பித் தோட்டம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் எத்தியோப்பியாவிலும் பர்மாவிலும் பணியாற்றி, மேஜர் பதவிவரை உயர்ந்தார்.

1948இல் சாவோ தேசியப் பூங்கா உருவானது. அதன் கிழக்குப் பகுதிக்குப் பொறுப்பாளரானபோது டேவிட்டுக்கு ஏறக்குறைய 30 வயது. பரப்பளவு 13,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். சுமார் 18 சிங்கப்பூர்கள் அதுக்குள்ள அடங்கும்! வறண்ட முட்காடு அது. சாலைகள் போடுவதிலிருந்து அருபா அணையைக் கட்டுவதுவரை எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

பெரிய தலைவலி, தந்தத்துக்காக நடந்த வேட்டை. வேட்டைக்காரர்கள் விஷம் தடவிய அம்புகளைப் பயன்படுத்தினார்கள். 1950களில் டேவிட்டும் அவரது குழுவினரும் அவர்களைத் தேடிப் பிடித்தனர்.

தாய் யானை செத்துவிட்டால் குட்டி என்ன ஆகும்? பால் இல்லாமல் சில நாளில் அதுவும் போய்விடும். அப்படித் தனித்துவிடப்பட்ட குட்டிகளை டேவிட் வீட்டுக்குக் கொண்டுவந்தார். சாம்சன், ஃபாத்துமா, எலினோர் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. அவற்றைக் கூண்டில் அடைக்கவில்லை. பகலில் காட்டில் மேய்ந்துவிட்டு மாலையில் திரும்பும்.

ஆனால் இலைதழை தின்னத் தெரிந்த குட்டிகள் மட்டுமே பிழைத்தன. பிறந்து சில நாள்களே ஆன குட்டிகளுக்குப் பசும்பாலின் கொழுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. டேவிட்டை 1960இல் மணந்த டாஃப்னி, பல ஆண்டுகள் விதவிதமான பால் கலவைகளைச் செய்துபார்த்தார். கடைசியில் கைகொடுத்தது எது தெரியுமா? தேங்காய் எண்ணெய்! யானைப்பாலில் உள்ள கொழுப்புக்கு அதுதான் நெருக்கமாக இருந்தது. (நம்ம வீட்டுப் பாட்டிகளுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.)

இதுவரை கேட்டால் நல்ல மனிதர் ஒருவரின் இனிமையான கதை போலத்தான் இருக்கும். சிக்கல் 1960களில் வந்தது.

வெளியே விளைநிலங்கள் பெருகியதால் யானைகள் பூங்காவுக்குள் ஒதுங்கின. மரங்களை முறித்துத் தள்ளின. முட்காடு புல்வெளியாக மாறத் தொடங்கியது. விலங்கியல் ஆய்வாளர் ரிச்சர்ட் லாஸ், 1966இல் ஆய்வுக்காக 300 யானைகளைச் சுட ஏற்பாடு செய்தார். எண்ணிக்கையைக் குறைக்க மேலும் சில ஆயிரம் யானைகளைச் சுட வேண்டும், இல்லாவிட்டால் உணவு தீர்ந்து பேரழிவு வரும் என்பது அவர் கணிப்பு.

டேவிட் சம்மதிக்கவில்லை. மரம் அழிந்து புல் வருவதும், புல் போய் மறுபடி மரம் வருவதும் அந்த நிலத்தின் இயல்பான சுழற்சி என்று அவர் நம்பினார். மனிதன் துப்பாக்கியோடு அதில் தலையிடக்கூடாது என்பது அவர் நிலைப்பாடு. கருத்துவேறுபாடு முற்றியது. லாஸ் 1968இல் வெளியேறினார்.

1970, 1971ஆம் ஆண்டுகளில் கடும் வறட்சி. குறைந்தது 6,000 யானைகள் மடிந்தன. பெண் யானைகளும் குட்டிகளுமே அதிகம். காரணம் என்ன? குட்டியோடு இருக்கும் தாயால் தண்ணீரை விட்டு வெகுதூரம் போக முடியாது. தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்த உணவோ தீர்ந்துவிட்டது. ஆண் யானைகள் தூரம் நடந்து தப்பின.

ஒற்றைக் குட்டிக்காக இரவெல்லாம் கண்விழிக்கும் வீடு அது. அதே வீட்டின் தலைவர் ஆயிரக்கணக்கான யானைகள் பட்டினியால் சாவதைத் தடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. என்னைக் கேட்டால், அவர் வாழ்க்கையில் ஆகக் கடினமான முடிவு அதுதான். பிறகு செடிகொடிகள் மீண்டும் வளரத் தொடங்கின. அதனால் அவர் செய்தது சரி என்பவர்கள் உண்டு. சுட்டிருந்தால் அவ்வளவு யானைகள் பசியில் துடித்திருக்காது என்பவர்களும் உண்டு. விவாதம் இன்னும் முடியலை.

1970களில் தந்த வேட்டை மீண்டும் தலைதூக்கியது. அந்த நேரத்தில், 1976இல், டேவிட் நைரோபி அலுவலகத்துக்கு மாற்றப்பட்டார். மறு ஆண்டே மாரடைப்பால் இறந்தார். வயது 57தான்.

அதே ஆண்டு டாஃப்னி அறநிதியைத் தொடங்கினார். அது இதுவரை 300க்கும் அதிகமான யானைக் குட்டிகளை வளர்த்திருக்கிறது. எலினோர் தன்னைப்போல் தாயை இழந்த பல குட்டிகளுக்கு வளர்ப்புத் தாயாக இருந்துவிட்டு, கடைசியில் காட்டு யானைகளோடு சேர்ந்துகொண்டது.

நைரோபியில் புட்டிப்பால் குடிக்கும் குட்டிகள் கொஞ்சம் வளர்ந்ததும் அவற்றில் பலவற்றை லாரியில் ஏற்றிச் சாவோவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே பராமரிப்பாளர்கள் பல ஆண்டுகள் கூடவே இருப்பார்கள். எப்போது காட்டுக்குள் போவது என்பதை யானையே முடிவு செய்யும். சில யானைகள் பிற்பாடு தங்கள் குட்டியோடு வந்து தலைகாட்டிவிட்டுப் போவதும் உண்டு.