குளிர் காயக் கற்றுத் தந்தவர்



நம்ம பட்டாபிராமில் குளிர்காலம் என்றால் என்ன? மார்கழி விடியலில் ஒரு மஃப்ளர், ரயிலடியில் ஒரு டீ, இரவில் ஃபேனை ஒரு பாயிண்ட் குறைத்தால் சரி. அவ்வளவுதான்! ஆனால் இதே தமிழ்நாட்டில் ஊட்டியில் கதையே வேறு. ஜான் சல்லிவன் 1822-ல் அங்கே கல் பங்களா கட்டத் தொடங்கினார். அதற்குப் பின் எழுந்த பழைய பங்களாக்களில் சுவரோடு சேர்த்துக் கட்டிய கணப்பு அடுப்பைப் பார்க்கலாம். உறைபனி விழுமுன் அதைத் தயார் பண்ண வேண்டும். புகைபோக்கியில் படிந்த கரியைச் சுரண்டணும், பறவை கூடு கட்டியிருந்தால் எடுக்கணும், விரிசலைப் பூசணும், விறகை நன்றாகக் காய வைக்கணும். இல்லாவிட்டால் சூடு வானத்துக்கு, புகை நமக்கு!

இந்த அடுப்பு எந்த அளவில் இருந்தால் ஒழுங்காக எரியும் என்று கணக்குப் போட்டு உலகத்துக்குச் சொன்ன மனிதர்தான் நம் கதாநாயகன். பெயர் பெஞ்சமின் தாம்சன். உலகம் அறிந்த பெயர், ரம்ஃபோர்டு பிரபு.

1753 மார்ச் 26 அன்று அமெரிக்காவில் பாஸ்டனுக்குப் பக்கத்தில் உள்ள வோபர்ன் என்ற ஊரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார். பதின்மூன்று வயதில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார். 1772-ல், தன்னைவிட வயதில் மூத்த, வசதியான ஒரு விதவையை மணந்தார். வாழ்க்கை ஒரே நாளில் மாறியது.

இங்கேதான் நண்பர்களே, கொஞ்சம் கசப்பான பக்கம் வருகிறது. அமெரிக்க விடுதலைப் போர் மூண்டபோது இவர் ஆங்கிலேயர் பக்கம் நின்றார். அவர்களுக்கு ரகசியமாகத் தகவல் அனுப்பினார். ஊர் சந்தேகப்பட்டதும் மனைவியையும் கைக்குழந்தையான மகளையும் விட்டுவிட்டு ஓடினார். 1776-ல் லண்டன் போய்ச் சேர்ந்தார். மனைவி 1792-ல் இறக்கும்வரை அவரைத் திரும்பப் பார்க்கவே இல்லை. இதை மறைத்து எழுதினால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது.

பிறகு ஜெர்மனியின் பவேரியா நாட்டு மன்னரிடம் வேலைக்குப் போனார். 1790-ல் மியூனிக் நகரத்துப் பிச்சைக்காரர்களுக்கு, படைவீரர்களுக்கான உடை தைக்கும் வேலை கொடுத்தார். பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு போட்டு மலிவான சூப் காய்ச்சினார். ஆயிரம் பேருக்குச் சமைக்கும்போதுதான் விறகு எவ்வளவு வீணாகிறது என்பது உறைத்தது. திறந்த நெருப்பை மூடி, பாத்திரத்துக்கு ஏற்றபடி செங்கல் அடுப்பு கட்டினார். இந்தச் சேவைக்குத்தான் பிரபுப் பட்டம். பட்டத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த பெயர் எது தெரியுமா? மனைவியின் ஊருக்கு இருந்த பழைய பெயர்! மனசாட்சி உறுத்தியதோ என்னவோ.

1795-ல் லண்டன் திரும்பியபோது வீட்டுக்கு வீடு ஒரே புகை. அகலமான புகைபோக்கி வழியாக அறையின் சூடெல்லாம் மேலே போய்க்கொண்டிருந்தது. ரம்ஃபோர்டு புதிதாக எதையும் வாங்கச் சொல்லவில்லை. நாலு செங்கல்லும் கொஞ்சம் சாந்தும் போதும் என்றார். புகைபோக்கியின் தொண்டையை நாலு அங்குலத்துக்குக் குறுக்கினார். பின்சுவரை முன்வாயில் மூன்றில் ஒரு பங்காக்கினார். பக்கச் சுவர்களைச் சாய்த்து, சூடு அறைக்குள் திரும்பி வரும்படி செய்தார். தொண்டை குறுகினால் சுத்தம் செய்கிறவன் எப்படி நுழைவான்? அதற்கும் வழி வைத்தார். கழற்றி மாட்டக்கூடிய ஒரு கல்லைத் தொண்டையில் வைக்கச் சொன்னார். பராமரிப்பையும் டிசைனிலேயே சேர்த்துவிட்டார், பார்த்தீர்களா! 1796-ல் இதைப் புத்தகமாகவே வெளியிட்டார். காப்புரிமை வாங்கிக் காசு பார்க்கவில்லை.

மெக்கானிக்கல் மாணவர்களுக்கு இன்னொரு விஷயம். மியூனிக்கில் பீரங்கிக் குழலைத் துளை போடும்போது உலோகம் கொதிப்பதை இவர் கவனித்தார். நாம் ஒர்க்‌ஷாப்பில் டிரில் பிட் சூடாகிறதைப் பார்த்து கூலன்ட் ஊற்றிவிட்டுப் போய்விடுகிறோம். இவர் நின்று யோசித்தார். மழுங்கிய கருவியை வைத்து, குதிரைகளைக் கொண்டு சுற்றி, குழலைத் தண்ணீரில் மூழ்க வைத்தார். இரண்டரை மணி நேரத்தில், நெருப்பே இல்லாமல், தண்ணீர் கொதித்தது! வெப்பம் என்பது பொருளுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு திரவம் என்று அன்று பலரும் நம்பினார்கள். அது இயக்கத்தின் விளைவு என்று 1798-ல் எழுதினார். அவர் தொடங்கிய கணக்கை 1840-களில் ஜூல் முடித்து வைத்தார்.

1799-ல் லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் உருவாக முன்னின்றார். டேவியும் ஃபாரடேயும் வளர்ந்த இடம் அதுதான். தன் பெயரில் ஒரு பதக்கம் வைக்க ராயல் சொசைட்டிக்குப் பணம் கொடுத்தார். முதல் பதக்கம் அவருக்கே கிடைத்தது என்பது தனி வேடிக்கை! பிறகு விஞ்ஞானி லவாய்சியரின் விதவையை மணந்தார். அதுவும் நிலைக்கவில்லை. 1814 ஆகஸ்ட் 21 அன்று பாரிஸ் அருகே காலமானார்.

ஊருக்கெல்லாம் வீட்டைச் சூடாக்கிக் கொடுத்தவர் தன் வீட்டை அணைய விட்டுவிட்டார். அந்த மனிதரைக் கும்பிட வேண்டாம். அவர் பார்த்த பார்வையைக் கற்றுக்கொள்வோம். நம் வீடுகளில் அம்மாவும் பாட்டியும் ஊதுகுழலோடு கண் எரிய உட்கார்ந்த காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை. நாம் எத்தனை பேர் அந்த அடுப்பின் அளவை எடுத்தோம்?

கடைசியாக ஒரு வேண்டுகோள். டூர் போகும்போது ஊட்டியிலோ கொடைக்கானலிலோ, குளிருக்குப் பயந்து கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவு ஜன்னலை மூடாதீர்கள். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்கியவர் எழுந்திருக்க மாட்டார். நெருப்பு மூட்டுமுன் புகை போக வழி பார்க்க வேண்டும். ரம்ஃபோர்டு சொன்ன பாடத்தின் சுருக்கம் அதுவே!

- இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை