புற்கோட்டை அரசர்

அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் உள்ள கிளேர் மாவட்டத்தில் 1834ஆம் ஆண்டு பிறந்தவர் பாட்ரிக் டியூராக். வரலாற்றில் அவருக்கு நிலைத்த பெயர் பாட்ஸி என்பதே. தந்தை மைக்கேல், தாய் பிரிட்ஜெட். உழுத நிலம் அக்குடும்பத்துக்குச் சொந்தமன்று, குத்தகை நிலம். நிலக்கிழார் நினைத்தால் உழுதவனை ஒரே நாளில் வெளியேற்றலாம் என்பது அந்நாளைய அயர்லாந்தின் நடைமுறை. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. பெரும் பஞ்சம் தொடங்கியது. பட்டினியாலும் நோயாலும் சுமார் பத்து இலட்சம் பேர் மடிந்தனர். அதைவிடக் கூடுதலானோர் கப்பலேறினர். பஞ்சம் தொடங்கியபோது பாட்ஸிக்குப் பதினொரு வயது. பிற்காலத்தில் நிலத்தின் மேல் அவர் கொண்ட தீராப் பசியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

1853இல் குடும்பம் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் வந்து இறங்கியது. இறங்கிய இரண்டே மாதங்களில் தந்தை ஒரு விபத்தில் இறந்தார். பத்தொன்பது வயதில் தாயையும் உடன்பிறந்தாரையும் காக்கும் பொறுப்பு மூத்த மகனின் தோளில் விழுந்தது. அவர் விக்டோரியாவின் ஓவன்ஸ் தங்கவயலுக்குச் சென்று, ஒன்றரை ஆண்டில் ஆயிரம் பவுனோடு திரும்பினார். தங்கம் தேடிப் போன பலர் தங்கத்தையே தேடிக்கொண்டு அழிந்த காலம் அது. இவரோ கோல்பர்ன் நகருக்கு அருகில் நிலம் வாங்கினார். 1862இல் மேரி காஸ்டெல்லோவை மணந்தார். மனைவியின் உடன்பிறந்தவரான ஜான் காஸ்டெல்லோ, மைத்துனர் என்ற உறவையும் கடந்து வாழ்நாள் கூட்டாளியானார்.

மறு ஆண்டே இருவரும் மாடுகளையும் குதிரைகளையும் ஓட்டிக்கொண்டு குவீன்ஸ்லாந்தின் தென்மேற்கு நோக்கிப் புறப்பட்டனர். மழை பொய்த்தது. மாடுகள் மடிந்தன, மனிதரும் மடிய வேண்டியவர்களே. அந்நிலத்தின் தொல்குடி மக்கள் அவர்களைக் காப்பாற்றினர். டியூராக் குடும்ப வரலாற்றில் மிகவும் கருதத்தக்க நிகழ்ச்சி இதுவே எனலாம். வறண்டதாக வந்தவர் கண்ட நிலத்தில் வாழும் வழி அறிந்த மக்கள் இருந்தனர். அவர்களால் பிழைத்தவர்களே ஐந்தாண்டுகளுக்குள் அதே திசையில் திரும்பி வந்து அந்நிலத்தைத் தமதாக்கிக்கொண்டனர்.

1868இல் கூப்பர் ஓடையின் கிளையான கையாப்ரா ஓடைக்கரையில் தைலங்ரா என்ற மாட்டுப்பண்ணை எழுந்தது. அப்பகுதியின் இயல்பு வியப்புக்குரியது. மழை எங்கோ வடக்கே பெய்யும். அவ்வெள்ளம் நூற்றுக்கணக்கான கால்களாகப் பிரிந்து, மழையே காணாத சமவெளியில் மெல்லப் பரவி வற்றும். வற்றிய தடமெங்கும் புல் எழும். அப்புல்லில் மாடு கொழுக்கும். வெள்ளம் வராத ஆண்டில் அதே சமவெளி வெறும் பொட்டல். இதையறிந்த டியூராக்கும் காஸ்டெல்லோவும் 1868க்கும் 1877க்கும் இடையில் சுமார் 17,000 சதுர மைல் நிலத்துக்கு எல்லை குறித்தனர். அதில் பெரும்பகுதியைப் பின்வந்தோருக்கு விற்றனர். நிலம் அரசிடமிருந்து பெறப்பட்ட குத்தகை. அரசு அதை எவரிடமிருந்து பெற்றது என்ற கேள்வி அன்று எழவில்லை. தம்பியர், பங்காளிகள், மாமன் மைத்துனர் என ஒரு கூட்டமே பாட்ஸியைச் சுற்றிக் குடியேறியது. அயர்லாந்தில் சிதறிய குலம் புல்வெளியில் மறுபடி கூடியதைப் போல் இருந்தது.

1879இல் அலெக்சாண்டர் ஃபாரஸ்ட் மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியிலுள்ள கிம்பர்லி பகுதியில் பயணம் செய்து, அங்கு நல்ல மேய்ச்சல் நிலம் இருப்பதாகத் தெரிவித்தார். வறட்சிக்கு அஞ்சிய பாட்ஸியின் மனம், வற்றாத ஆறு ஒன்றை நாடியது. 1882இல் தம்பி மைக்கேல் சென்று ஆர்டு ஆற்றைப் பார்த்து வந்தார். 1883இல் 7,250 மாடுகளும் 200 குதிரைகளும் புறப்பட்டன. தூரம் ஏறக்குறைய 3,000 மைல். பாட்ஸி உடன் செல்லவில்லை. பணமும் திட்டமும் அவருடையவை, நடந்தவர்கள் பங்காளிகளும் கூலி ஆட்களும். மந்தை மேய்ந்துகொண்டே நடக்கவேண்டும். விரட்டினால் இளைக்கும், நிறுத்தினால் நீர் தீரும். நெடும்பயணங்களில் ஈன்ற கன்று மந்தையோடு நடக்க மாட்டாது, பிறந்தவுடன் கொல்லப்படும். வழியில் வறட்சி மாதக்கணக்கில் மறித்தது. நோயில் மாடுகள் விழுந்தன. மனிதரும் சிலர் மாண்டனர். 1885 செப்டம்பரில் ஆர்டு ஆற்றை அடைந்தபோது மந்தையில் பாதியே எஞ்சியிருந்தது.

நம் புறத்திணை மரபில் ஆநிரை கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை. அங்கே நிரை போரின் பொருள். கிம்பர்லியிலோ நிரையே படையாக நடந்தது. மாடுகள் நீர்த்துறைகளை மிதித்துக் கலக்கின, கங்காருக்கள் விலகின, தொல்குடியினரின் உணவு அருகியது. அவர்கள் மாட்டை வேட்டையாடினர். மாட்டுக்காரர் துப்பாக்கி எடுத்தனர். 1886இல் மந்தையை ஓட்டிவந்தவர்களுள் ஒருவரான ஜான் டியூராக் ஈட்டியால் கொல்லப்பட்டார். பழிக்குப் பழி தொடர்ந்தது. கொல்லப்பட்ட வெள்ளையரின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. மற்றவர் பெயர்கள் எழுதப்படவில்லை.

இதே காலத்தில்தான் பம்ப்கின் என்னும் மனிதரின் வாழ்வும் நிகழ்ந்தது. கூப்பர் ஓடைப் பகுதியின் தொல்குடியைச் சேர்ந்தவர். தைலங்ராவில் பாட்ஸியிடம் பணிக்கு வந்தவர். பூசணிக்காய் எனப் பொருள்படும் அப்பெயர் வெள்ளையர் இட்டது. தம் மண்ணை விட்டுக் கிம்பர்லி வரை வந்து, டியூராக்கின் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாகவும் தொழில் கற்பித்தவராகவும் விளங்கினார். குடும்பம் அவரை நன்றியோடு நினைவுகூர்ந்தது. அந்நன்றி மெய்யானதே. ஆனால் கிம்பர்லியின் பண்ணைகள் பல பத்தாண்டுகள் கூலியில்லாத் தொல்குடி உழைப்பில் நின்றன என்பதும் மெய்.

செல்வத்தின் உச்சியில் பாட்ஸி குவீன்ஸ்லாந்தில் பெருமுதலீடுகள் செய்தார். 1889இல் அனைத்தும் சரிந்தன. அவருக்கு எஞ்சியது மக்கள் கையிலிருந்த கிம்பர்லி நிலம் மட்டுமே. ஆர்டு ஆற்றங்கரையில் ஆர்கைல் டவுன்ஸ் பண்ணையில் பெற்றோர் தம் மகன்களின் நிழலில் வந்து தங்கினர். தாம் படைத்த நிலத்தில் தாமே விருந்தினராக இருப்பது அம்முதியவருக்கு எளிதாக இருந்திருக்காது. 1893இல் மனைவி மேரி அங்கே காய்ச்சலில் இறந்தார். 1898 ஜனவரி 20ஆம் நாள் ஃபிரிமாண்டில் நகரில் பாட்ஸி மறைந்தார்.

மூத்த மகன் மைக்கேல் பாட்ரிக் பண்ணைகளை அரை நூற்றாண்டு நடத்தினார். இடையில் மேற்கு ஆஸ்திரேலியச் சட்டமன்றத்திலும் இருந்தார். நாள்தோறும் நாட்குறிப்பு எழுதும் வழக்கம் அவருக்கு உண்டு. 1939இல் ஐரோப்பாவிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களைக் குடியேற்ற, குடும்ப நிறுவனத்தின் எழுபது இலட்சம் ஏக்கரை வாங்கும் முயற்சி நடந்தது. ஆஸ்திரேலிய அரசு 1944இல் மறுத்துவிட்டது. 1950இல் நிலம் வேறு கைக்கு விற்கப்பட்டது. அதே ஆண்டில் மைக்கேல் பாட்ரிக்கும் இறந்தார்.

நிலம் போயிற்று, நாட்குறிப்புகள் இருந்தன. அவருடைய மகள் மேரி டியூராக் 1913இல் பிறந்தவர், தாத்தாவைப் பார்த்ததில்லை. இளமையில் தங்கை எலிசபெத்துடன் கிம்பர்லிப் பண்ணைகளில் வாழ்ந்தார். 1935இல் ஆர்கைல் பண்ணையின் தொல்குடி மக்களைப் பற்றி அக்கா எழுத, தங்கை ஓவியம் தீட்டி ஒரு நூல் வெளியிட்டனர். பின்னர் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் செவிவழிச் செய்திகளையும் திரட்டி, 1959இல் ‘கிங்ஸ் இன் கிராஸ் காசில்ஸ்’ என்னும் குடும்ப வரலாற்றை மேரி வெளியிட்டார். புற்கோட்டையில் வாழும் அரசர் என்று அத்தலைப்பைத் தமிழில் சொல்லலாம். காற்று வீசினால் போய்விடும் கோட்டை என்பது பாட்ஸியின் வாய்மொழியாகக் குடும்பத்தில் வழங்கிய உருவகம். வென்றவரே தம் வெற்றியை இப்படிக் கண்டிருந்தார் என்பதில்தான் அந்நூலின் உயிர் இருக்கிறது. தாத்தாவின்பால் பேத்திக்குள்ள பாசம் பக்கந்தோறும் தெரிகிறது. தொல்குடியினரின் இழப்பை அவர் மறைக்கவுமில்லை. எனினும் கதை வண்டியின் பக்கம் நின்றே சொல்லப்படுகிறது. அதன் தொடர்ச்சியான ‘சன்ஸ் இன் த சாடில்’ 1983இல் வந்தது. மேரி 1994இல் காலமானார்.

கோட்டையைக் கொண்டுபோனது காற்றன்று, நீர். ஆர்டு ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டு 1972இல் திறக்கப்பட்ட அணையால் ஆர்கைல் ஏரி உருவாயிற்று. பண்ணை நிலத்தின் பெரும்பகுதி மூழ்கியது. கல்லால் கட்டிய பழைய வீட்டைப் பிரித்தெடுத்து, மேட்டில் மீண்டும் கட்டி அருங்காட்சியகமாக்கினர். மிரியுவுங், கஜெரோங் மக்கள் அந்நிலத்தின் மேல் தமக்குள்ள தொன்மை உரிமையைக் கோரி நீதிமன்றம் சென்றனர். நெடிய வழக்குக்குப் பின் 2003இல் அவ்வுரிமை ஒரு பகுதிக்கு ஏற்கப்பட்டது. அவர்களுடைய புனித இடங்கள் பல அந்த ஏரியின் அடியில் இருக்கின்றன. அவற்றை எவரும் பிரித்தெடுத்து மேட்டில் வைக்கவில்லை.