அளந்து பார்த்த பேராசிரியர்: பி.சி. மகலனோபிஸ்



மலர்க் குழுவிலிருந்து போன் செய்து, ஒரு அறிஞரின் வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்று அன்புக் கட்டளை போட்டுவிட்டார்கள். நான் மெக்கானிக்கல் படித்தவன். எழுத்துக்கும் எனக்கும் தூரம் அதிகம். இருந்தாலும் நம்ம ஆவடியோடு சம்பந்தப்பட்ட ஒருவரைப் பற்றி ரொம்ப நாளாகச் சொல்லணும்னு ஆசை. அந்தத் துணிச்சலில் எழுதுகிறேன்.

ஆவடி என்றதும் எல்லோருக்கும் டேங்க் ஃபேக்டரிதான் ஞாபகம் வரும். ஆனால் சரித்திரப் புத்தகங்களில் ஆவடியின் பெயர் அதற்கு முன்பே ஏறிவிட்டது. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு இங்கேதான் நடந்தது. தலைமை தாங்கியவர் யு.என். தேபர். நேரு வந்திருந்தார். அப்போது நம் முதலமைச்சர் காமராஜர். இந்தியாவில் சோஷலிச மாதிரியான சமுதாயம் அமைய வேண்டும் என்ற தீர்மானம் அந்த மாநாட்டில்தான் நிறைவேறியது. அதற்கே ஆவடித் தீர்மானம் என்று பெயர்.

தீர்மானம் போடுவது சுலபம். போய்ச் சேர வேண்டிய ஊரைச் சொல்லியாகிவிட்டது. வண்டியை ஓட்டுவது யார், எந்த வழியில்? இரண்டே மாதத்தில், 1955 மார்ச்சில், இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கான வரைவு தயாரானது. அதைத் தயாரித்தவர் கல்கத்தாவைச் சேர்ந்த ஒரு பேராசிரியர். அவர் பொருளாதாரம் படித்தவரும் இல்லை, அரசியல்வாதியும் இல்லை. இயற்பியல் படித்தவர். அவர்தான் பிரசாந்த சந்திர மகலனோபிஸ்.

1893 ஜூன் 29 அன்று கல்கத்தாவில் பிறந்தார். பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு 1913-ல் இங்கிலாந்து போய் கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். அடுத்த வருடம் அங்கே நம்ம ஊரிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். சாட்சாத் கணிதமேதை ராமானுஜன்தான்! இருவரும் நண்பர்களானார்கள். குளிரில் தூங்க முடியவில்லை என்று ராமானுஜன் சொல்ல, மகலனோபிஸ் போய்ப் பார்த்தால், மெத்தையோடு சேர்த்துச் செருகியிருந்த கம்பளிகளுக்கு உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பதே அவருக்குத் தெரியவில்லை. மேலாகவே படுத்து, கோட்டையும் சால்வையையும் போர்த்திக்கொண்டிருந்திருக்கிறார். மகலனோபிஸ்தான் கம்பளிக்குள் நுழையும் விதத்தைக் காட்டிக்கொடுத்தார். கம்பளி இல்லாமல் இல்லை, விவரம் போய்ச் சேராததுதான் குறை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் உதவும்.

படிப்பு முடிந்து 1915-ல் ஊர் திரும்பும்போது பயோமெட்ரிக்கா என்ற புள்ளியியல் பத்திரிகையின் தொகுதிகளை வாங்கிக் கப்பலிலேயே படித்துக்கொண்டு வந்தார். அதோடு இயற்பியல்காரர் புள்ளியியல்காரர் ஆகிவிட்டார். பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் வாத்தியார் வேலை. ஓய்ந்த நேரத்தில் எண்களோடு மல்லுக்கட்டல்.

அவர் யாரென்று அரசாங்கத்துக்குக் காட்டியது வெள்ளம். 1926-ல் ஒரிஸாவில் பெருவெள்ளம் வந்தது. ஆற்றுப்படுகை மேடாகிவிட்டது, கரையை இன்னும் உயர்த்தணும் என்பது இன்ஜினியர்களின் அபிப்பிராயம். மகலனோபிஸ் சுமார் 60 வருட மழை, நீர்மட்டக் கணக்குகளை எடுத்துப்போட்டு அலசினார். படுகை மேடாகவே இல்லை என்று தெரிந்தது. கரையை உயர்த்திப் பிரயோஜனமில்லை, மேலே அணை கட்டித் தண்ணீரைப் பிடிக்க வேண்டும் என்று எழுதினார். பிற்காலத்தில் மகாநதியில் வந்த ஹிராகுட் அணைக்கு அந்தக் கணக்குகள் கைகொடுத்தன. இதில் குட்டு வாங்கியது நம்ம இன்ஜினியர் இனம்தான். வலித்தாலும் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்!

அடுத்தது அவர் பெயரையே தாங்கி நிற்கும் மகலனோபிஸ் தூரம். 1936-ல் வெளிவந்த கட்டுரை. மனிதர்களின் உடல் அளவுகளை ஒப்பிடப் போய்ப் பிறந்தது. நம்ம பாஷையில் சொல்கிறேன். ஒரு மோட்டாரில் கரண்ட்டும் கூடுகிறது, சூடும் கூடுகிறது என்றால் பயப்பட வேண்டாம், லோடு கூடியிருக்கிறது. கரண்ட் அப்படியே இருக்க சூடு மட்டும் ஏறினால்? பேரிங் போகிறதோ என்று சந்தேகப்படணும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு அளவும் வரம்புக்குள்ளேதான் இருக்கும். சேர்த்துப் பார்த்தால்தான் கோளாறு தெரியும். எந்த அளவு எந்த அளவோடு சேர்ந்து நகரும் என்பதையும் கணக்கில் சேர்த்து, இது வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று ஒரே எண்ணில் சொல்வதுதான் மகலனோபிஸ் தூரம். இன்று கணிப்பொறிக்குக் கற்றுக்கொடுத்து மெஷின் கோளாறைக் கண்டுபிடிப்பவர்கள் பலரும் இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

நானும் பயன்படுத்தினேன், பட்டும் தெரிந்துகொண்டேன். அம்பத்தூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டிசம்பர், ஜனவரி மாத அளவுகளை வைத்து மெஷினுக்கு எது வழக்கம் என்று கணிப்பொறிக்குக் கற்றுக்கொடுத்தோம். நன்றாகத்தான் ஓடியது. மே மாதம் வந்தது. தினமும் மத்தியானம் 12 மணியானால் அலாரம். மெஷினை நிறுத்திப் பிரித்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. இப்படியே ஒரு வாரம் உற்பத்தி போச்சு, எனக்குத் தூக்கமும் போச்சு. கடைசியில் அந்த மெஷினை ஓட்டும் அண்ணன் ஒருவர் சாவகாசமாகச் சொன்னார், ஷெட் மேலே தகரக் கூரை, வெயில் ஏறினால் மெஷினும் சூடாகத்தானே செய்யும் என்று. முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் கேட்கலையே தம்பி என்று சிரித்தார். ஷெட்டின் வெப்பத்தையும் ஒரு அளவாகச் சேர்த்தோம். அலாரம் நின்றது. சூத்திரத்தில் தப்பில்லை. அளக்க வேண்டியதை அளக்காததும், கேட்க வேண்டியவரைக் கேட்காததும் என் தப்பு.

மகலனோபிஸ் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர். 1931-ல் அவர் கல்கத்தாவில் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் கழகம், பிரசிடென்சி கல்லூரியின் ஒரு அறையில்தான் பிறந்தது. வங்காளத்தில் சணல் எவ்வளவு விளைகிறது என்று அறிய ஒவ்வொரு வயலாக எண்ணாமல் மாதிரிக்குச் சில வயல்களை மட்டும் அளக்கும் முறையை 1937 முதல் செய்துகாட்டினார். அதிலும் ஒரு சூட்சுமம் வைத்தார். ஒரே பகுதியை இரண்டு குழுக்கள் தனித்தனியாக அளக்கும். இரண்டு கணக்கும் ஒத்துவராவிட்டால் எங்கோ தவறு என்று அர்த்தம். அளப்பவரையே அளக்கும் ஏற்பாடு! 1950-ல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு இந்த அனுபவத்தில் எழுந்ததுதான்.

கணிப்பொறி விஷயத்திலும் அவர் முந்திக்கொண்டார். 1953-ல் அவர் கழகத்தைச் சேர்ந்த சமரேந்திர குமார் மித்ராவும் சௌமியேந்திர மோகன் போஸும் சமன்பாடுகளைத் தீர்க்கும் ஒரு அனலாக் கணிப்பொறியைச் சொந்தமாகச் செய்தார்கள். 1956-ல் இங்கிலாந்திலிருந்து வந்த ஹெச்.இ.சி.-2எம் இயங்கத் தொடங்கியது. இந்தியா கண்ட முதல் டிஜிட்டல் கணிப்பொறி அதுதான்.

அதே காலத்தில், 1955-56-ல், கழகத்துக்கு வருகைப் பேராசிரியராக வந்து பல மாதம் தங்கியவர் அமெரிக்காவின் நார்பர்ட் வீனர். 1948-ல் சைபர்நெட்டிக்ஸ் என்ற துறைக்குப் பெயர் வைத்தவர். கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். படகு இடதுபக்கம் விலகினால் சுக்கானை மாற்றிப் பிடிக்கிறோம், மறுபடி பார்க்கிறோம், மறுபடி மாற்றுகிறோம். விளைவைப் பார்த்துச் செயலைத் திருத்துவது, அதாவது பின்னூட்டம். விமான எதிர்ப்புப் பீரங்கி, மனித நரம்பு மண்டலம் எல்லாவற்றிலும் இது இருப்பதைக் காட்டியவர் வீனர். ஆனால் சமுதாயத்துக்கு இதைப் பொருத்துவதில் அவருக்கே தயக்கம் இருந்தது. சமுதாயத்தைப் பற்றி நம்மிடம் இருக்கும் புள்ளிவிவரங்கள் போதாது, பார்ப்பவரும் அதற்கு உள்ளேயே இருக்கிறார் என்பது அவர் வாதம். மகலனோபிஸோ அந்தப் புள்ளிவிவரத்தைச் சேகரிக்க நாடு முழுக்க ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தார்.

சரி, ஆவடித் தீர்மானத்துக்குப் பின் வந்த திட்டம் என்ன ஆனது? பொருளாதாரத்தை நான்கு பிரிவாகப் பிரித்து, எதில் எவ்வளவு முதலீடு போட்டால் எவ்வளவு வருமானம், எத்தனை பேருக்கு வேலை என்று கணக்குப் போட்டார். இயந்திரம் செய்யும் இயந்திரத்தை, உருக்கை, முதலில் உண்டாக்குவோம், பிறகு எல்லாம் பெருகும் என்பது அடிப்படை. எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. பி.ஆர். ஷெனாய் 1955-லேயே மாற்றுக் கருத்தை எழுத்தில் பதிவுசெய்தார். சி.என். வகீலும் பி.ஆர். பிரமானந்தாவும் சாப்பாட்டையும் துணியையும் முதலில் கவனிக்கச் சொன்னார்கள். 1956-ல் தொடங்கிய திட்டம் 1957-58-லேயே அந்நியச் செலாவணி நெருக்கடியில் மாட்டிக்கொண்டது. வெளிநாட்டு வர்த்தகத்துக்கு அவர் கணக்கில் போதிய இடமில்லை. என் தகரக் கூரை கதைதான், நாட்டளவில்! கணக்கெடுப்பு விவரங்களும் தொகுத்து வெளிவர வருடக்கணக்கில் ஆயின. சுக்கானைத் திருப்பி ரொம்ப நேரம் கழித்துத்தான் படகு எங்கே போகிறதென்று தெரிந்தது.

இதற்கப்புறம் அவர் செய்ததற்காகத்தான் நான் அவரைக் கும்பிடுகிறேன். பெருகிய வருமானம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஆராய 1960-ல் அரசு அமைத்த குழுவுக்கு அவரே தலைவரானார். குழுவின் அறிக்கையின் முதல் பகுதி 1964-ல் வந்தது. பொருளாதார பலம் சிலர் கையில் குவிந்திருக்கிறது, பெரிய கம்பெனிகள் இன்னும் பெரிதாகத் திட்டமிட்ட பொருளாதாரமே துணைபோயிருக்கிறது என்று அந்த அறிக்கை ஒளிக்காமல் சொன்னது. ஆவடியில் போட்ட தீர்மானத்துக்கு நேர் எதிரான விளைவு. தான் வரைந்த திட்டத்தின் மார்க்‌ஷீட்டைத் தானே திருத்தி, குறைந்த மார்க் போட்டு, கையெழுத்தும் போட்ட மனுஷன் அவர். நம்மில் எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்?

1972 ஜூன் 28 அன்று, 79-வது பிறந்தநாளுக்கு முந்தின நாள், காலமானார். 2007 முதல் அவர் பிறந்தநாளைப் புள்ளியியல் தினமாக நாடு கொண்டாடுகிறது. அவர் தொடங்கிய கழகத்துக்கு நம்ம சென்னையிலும் ஒரு மையம் இருக்கிறது.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் எழுதப்போகும் புரோகிராம் ஒரு மெஷினை மட்டும் நிறுத்தாது. யாருக்குக் கடன், யாருக்கு வேலை, எந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி என்றுகூடத் தீர்மானிக்கலாம். அங்கே அலாரம் தப்பாக அடித்தால் போவது ஒரு வார உற்பத்தி அல்ல, ஒரு குடும்பத்தின் சோறு. அதனால் மகலனோபிஸிடமிருந்து இரண்டு பழக்கத்தைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். அளப்பவரையும் அளந்து பாருங்கள். உங்கள் வேலையின் பலன் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று நீங்களே போய்ப் பாருங்கள். என் அனுபவத்திலிருந்து மூன்றாவது ஒன்றும் உண்டு. மெஷின் பக்கத்தில் நிற்கும் அண்ணனிடம் முதல் நாளே கேளுங்கள். அவருக்கு விஷயம் தெரியும். ராமானுஜனின் கம்பளி மாதிரி, இருக்கிறது, யாராவது எடுத்துக்காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

விழாவுக்கு வரும் அனைவரையும் நேரில் சந்திக்க ஆவலாக இருக்கிறேன். கேன்டீன் டீ என் செலவு.

அன்புடன்,
2010 செட் மெக்கானிக்கல் மாணவன்