வை. மு. கோதைநாயகி அம்மையார்

திருத்தணிக்கு அருகிலுள்ள ஆர்.கே.பேட்டை போன்ற சிற்றூர்களிலும், காலை வேளையில் பெண் குழந்தைகள் புத்தகப் பையைத் தோளில் தாங்கிப் பள்ளிக்குச் செல்லும் காட்சியை இன்று நாம் காண்கிறோம். அது நமக்குப் புதுமையாகத் தோன்றுவதில்லை. ஆனால் நூறாண்டுகளுக்கு முன் நிலைமை இவ்வாறு இருந்திலது. 1901-ஆம் ஆண்டில் நம் நாட்டில் மக்கட்கணக்கு எடுத்தபோது, எழுத்தறிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இலர். பெண்ணுக்கு அடுப்பங்கரையே உலகம் என்றும், அவள் கையில் ஏடும் எழுதுகோலும் வேண்டா என்றும் பெரியோர் பலர் கருதியிருந்த காலம் அது.

அதே 1901-ஆம் ஆண்டில், டிசம்பர்த் திங்கள் முதல் நாளில் பிறந்த பெண்மகவு ஒன்று, பள்ளிக்கூடத்தின் வாயிலை மிதியாமலே வளர்ந்து, எழுதக் கல்லாத நிலையிலேயே கதை புனையத் தொடங்கி, பின்னர் 115 புதினங்களை இயற்றியது என்றால் நாம் வியப்படைவோம் அல்லவா? அவ்வம்மையாரே வை. மு. கோதைநாயகி அம்மாள் ஆவார்.

அம்மையார் காஞ்சிபுரத்தை அடுத்த நீர்வளூரைச் சார்ந்த வைணவக் குடும்பத்தில், வெங்கடாசாரியாரின் மகளாகத் தோன்றினார். நடை பயிலும் பருவத்திலேயே அன்னையை இழந்தார். தாயற்ற அக்குழந்தையைப் பாட்டியும் சிறிய தந்தையின் குடும்பத்தாரும் கண்ணை இமை காப்பதுபோல் காத்து வளர்த்தனர். ஆழ்வார் பாசுரங்களும் பழங்கதைகளும் அவர் செவிக்கு உணவாயின. கண்ணால் கற்க இயலாததை அவர் காதால் கற்றார். கேட்டதை மறவாத நினைவாற்றலும், கேட்டாரைப் பிணிக்கும் இனிய குரலும் அவர்க்கு இயற்கையாக அமைந்திருந்தன.

குழந்தை மணம் வழக்கிலிருந்த அந்நாளில், 1907-ஆம் ஆண்டில், ஐந்தரை வயதில் அவருக்குத் திருமணம் நடைபெற்றது. மணமகன் திருவல்லிக்கேணியில் வாழ்ந்த வை. மு. குடும்பத்துச் சிறுவராகிய பார்த்தசாரதி ஆவார். அக்குடும்பம் தமிழுலகிற்குப் புதியதன்று. கம்பராமாயணத்திற்கும் பிற நூல்களுக்கும் உரை வகுத்த வை. மு. கோபாலகிருஷ்ணமாசாரியார் அக்குடும்பத்தைச் சேர்ந்தவரே. பெண்களைப் பதினான்கு வயதிற்கு முன் மணம் செய்வித்தலைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929-ஆம் ஆண்டில்தான் இயற்றப்பெற்றது. அதுவரை, பொம்மையோடு விளையாட வேண்டிய வயதில் பெண்கள் மருமகள் என்னும் பெயரைச் சுமந்தனர். புகுந்த வீட்டார் நல்லவராயின் வாழ்வு மலரும், அல்லராயின் கருகும். அதனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெண்ணுக்கு இருந்ததில்லை.

கோதைநாயகியின் வாழ்வு மலர்ந்தது. மாமியார் அவரை வேலைக்கென வந்த பெண்ணாகக் கருதாது, மகளாகவே நடத்தினார். தெலுங்கு மொழியையும் அவர்க்குக் கற்பித்தார். கணவர் தம் இளைய மனைவியின் அறிவார்வத்தைக் கண்டு மகிழ்ந்தார். நாடகக் கொட்டகைகளுக்கு உடன் அழைத்துச் சென்றார். மேடையிலே அரசரும் அரசியரும் பேசுவதையும், நல்லோர் துன்புற்றுப் பின் நலம் பெறுவதையும் கண்ட அம்மையாரின் உள்ளத்தில், தாமும் இவ்வாறு ஒரு கதையைப் படைத்தல் வேண்டும் என்னும் விருப்பம் முளைத்தது. இல்லத்திலுள்ள சிறுவர்க்குக் கதை கூறிப் பழகிய நாவிற்கு, நாடகம் புனைவது அரிதாகத் தோன்றவில்லை.

எனினும் ஓர் இடையூறு குறுக்கிட்டது. கதை நெஞ்சில் நிறைந்திருந்தது. அதனைத் தாளில் வடிக்கக் கை அறியாது. எழுதத் தெரியாத ஒருவர் நூலாசிரியர் ஆவது எங்ஙனம்? வேறொருவராயின் அவ்விருப்பத்தை அன்றே கைவிட்டிருப்பர். அம்மையாருக்கோ பட்டம்மாள் என்னும் தோழி ஒருவர் வாய்த்தார். அம்மையார் சொல்லச் சொல்ல, அத்தோழியார் எழுதினார். வீட்டு வேலைகளுக்கு இடையே கிடைத்த பொழுதில் இருவரும் அமர்ந்து, சொல்லும் எழுத்துமாக ஒரு நாடகத்தை உருவாக்கினர். 'இந்திர மோகனா' என்னும் அந்நாடகம் 1924-ஆம் ஆண்டில் அச்சேறியது. நாடகத் தந்தையெனப் போற்றப்பெறும் பம்மல் சம்பந்த முதலியார் அதனைப் பாராட்டினார். பெண்ணொருத்தி நாடகம் இயற்றினாள் என்பதை நம்ப மறுத்தவர் உண்டு, நகைத்தவரும் உண்டு. கணவர் அவற்றைப் பொருட்படுத்தாது மனைவியின் பக்கம் நின்றார்.

பிறர் கையால் எழுதப்பெறுவதோடு அம்மையார் மனநிறைவு கொள்ளவில்லை. தோழியின் துணையாலேயே எழுதவும் பயின்றார். பிள்ளைகள் தொடக்கப்பள்ளியில் கற்பதை இருபது வயது கடந்த பின் கற்பதற்கு அவர் நாணவில்லை. கல்விக்கு நாணுவதே நாணத்தக்கது என்பதை அவர் செயலால் உணர்த்தினார். கருத்து ஒருவருடையது, கை மற்றொருவருடையது என்று தொடங்கிய அந்நட்பு, தமிழுக்கு ஓர் எழுத்தாளரைத் தந்தது. பட்டம்மாளின் பெயர் நூல்களின் முகப்பில் பொறிக்கப்படவில்லை. ஆயினும் அம்மையாரின் புகழில் அத்தோழிக்கும் ஒரு பங்கு உண்டு என்பதில் ஐயமில்லை.

அக்காலத்தில் தமிழில் புதினம் என்னும் துறையே இளமையுடையதாக இருந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. பின்வந்த புதினங்களுள் பல ஆடவரால் எழுதப்பெற்றவை. பெண்ணின் துயரைப் பெண்ணே எடுத்துரைக்கும் நூல்கள் மிகச் சிலவே. இந்நிலையில் அம்மையார் 'வைதேகி' என்னும் தம் முதற் புதினத்தை எழுதினார். அந்நாளில் பெரும்பெயர் பெற்றிருந்த வடுவூர் துரைசாமி ஐயங்கார் அவர்க்கு ஊக்கமளித்தார். 1925-ஆம் ஆண்டில், நலிந்திருந்த 'ஜகன்மோகினி' என்னும் திங்களிதழை அம்மையார் ஏற்று, தாமே ஆசிரியராக அமர்ந்து நடத்தலானார். தம் புதினங்களை அதில் தொடர்ந்து வெளியிட்டார். இதழின் விலையிலும் விளம்பரத்திலும் தாளிலும் அச்சிலும் எழும் கவலைகள் ஒரு குடும்பப் பெண்ணின் தலைமேல் வந்து சேர்ந்தன. அவர் அஞ்சவில்லை.

அம்மையாரின் கதைகள் பெரும்பாலும் இல்லத்தினுள்ளேயே நிகழ்வன. காதலும் கடமையும் முரணுதல், மாமியும் மருமகளும் மாறுபடுதல், உடன்பிறந்தார் ஒருவர்க்கொருவர் உதவுதல், தோழியர் துன்பத்தில் தோள் கொடுத்தல் ஆகியவையே அவற்றின் பொருள். ஆயினும் அவ்வில்லக் கதைகளினூடே சமூகத்தின் புண்களையும் அவர் காட்டினார். இளமையில் கைம்மை எய்திய பெண்ணின் அவலம், வரதட்சணைக் கொடுமை, மதுவால் சிதையும் குடும்பம், தீண்டாமை ஆகியவற்றைக் கதைமாந்தரின் கண்ணீரின் வாயிலாகப் படிப்போர்க்கு உணர்த்தினார். மேடையில் ஏறிக் கூறினால் செவிசாய்க்காதவரும், கதையெனக் கூறியபோது மனமிரங்கிக் கேட்டனர். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற பெண்களுக்கு அடுத்த படியாக அமைந்தவை இத்தகைய எளிய கதைகளே.

நாட்டின் விடுதலைப் போரும் அம்மையாரை அழைத்தது. 1925-ஆம் ஆண்டில் காந்தியடிகள் சென்னைக்கு வந்து, சீனிவாச ஐயங்காரின் இல்லத்தில் தங்கியபோது அம்மையார் அவரைக் கண்டார். அன்று முதல் பட்டாடையையும் நகைகளையும் துறந்து கதராடை பூண்டார். இனிய குரல் படைத்த அவர், விடுதலைக் கூட்டங்களில் பாடியும் பேசியும் மக்களைத் தட்டி எழுப்பினார். கள்ளுக்கடை மறியலிலும் அயல்நாட்டுத் துணி மறுப்பிலும் ஈடுபட்டார். அதன் பயனாக 1932-ஆம் ஆண்டில் ஆறு திங்கள் சிறைத்தண்டனை பெற்று வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார்.

ஆசிரியர் சிறையில் இருந்தமையால் இதழ் நின்றுவிட்டதோ எனின், இல்லை. கணவர் பார்த்தசாரதி அப்பொறுப்பை ஏற்று நடத்தினார். சிறைச்சுவர்களுக்கு நடுவிலும் அம்மையாரின் எழுதுகோல் ஓயவில்லை. 'சோதனையின் கொடுமை' என்னும் புதினம் அங்கு எழுதப்பெற்றதே. மனைவி சிறையில் எழுத, கணவர் வெளியில் இதழ் நடத்திய அக்குடும்பத்தின் ஒற்றுமை, அம்மையார் புனைந்த எந்தக் கதைக்கும் குறைந்ததன்று.

அம்மையாரின் கதைகள் வெள்ளித் திரையிலும் இடம்பெற்றன. 'ராஜமோகன்' 1937-ஆம் ஆண்டிலும், 'அனாதைப் பெண்' 1938-ஆம் ஆண்டிலும் திரைப்படங்களாயின. 'தயாநிதி' என்னும் புதினத்தைத் தழுவி, அவர் மறைந்த பின் 1966-ஆம் ஆண்டில் 'சித்தி' என்னும் திரைப்படம் வெளிவந்தது. உடன்பிறந்தானின் மருத்துவக் கல்விக்காகத் தன் காதலைத் துறந்து, பல குழந்தைகளுக்குத் தந்தையாகிய முதியவரை மணக்கும் பெண்ணின் கதை அது. அக்கதையைக் கண்டு கண்ணீர் வடித்தோர் பலர். பிறர்க்காகத் தன் வாழ்வைப் பெண் ஒருத்தி விலையாகக் கொடுக்கும் நிலை ஏன் வரவேண்டும் என்னும் வினா, அக்கண்ணீரின் அடியில் மறைந்திருந்தது.

காந்தியடிகள் மறைந்த 1948-ஆம் ஆண்டில், அவர் நினைவாக 'மகாத்மாஜி சேவா சங்கம்' என்னும் அமைப்பைத் திருவல்லிக்கேணியில் நிறுவி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பயன்படும் பணிகளை அம்மையார் ஆற்றினார். விடுதலைப் போரில் ஈடுபட்டமைக்காக அரசினர் அளித்த பத்து ஏக்கர் நிலத்தை, வினோபா பாவேயின் பூதான இயக்கத்திற்கு வழங்கினார். துறந்தது நகையாயினும் நிலமாயினும், துறந்ததைத் திரும்பி நோக்கும் இயல்பு அவரிடம் இல்லை.

கதைகளில் பிறர் துயரைத் தீர்த்து வைத்த அம்மையாருக்கு முதுமையில் தீராத துயர் ஒன்று நேர்ந்தது. அவருடைய மகன் சீனிவாசன் அவருக்கு முன்பே காலமானார். மகனை இழந்த அன்னையின் உடலும் உள்ளமும் தளர்ந்தன. காசநோய் அவரைப் பற்றியது. தாம்பரத்திலிருந்த காசநோய் மருத்துவமனையில் 1960-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20-ஆம் நாள் அம்மையார் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் கையில் 'ஜகன்மோகினி' வளர்ந்த காலம் ஏறத்தாழ 35 ஆண்டுகள்.

அம்மையாரின் புதினங்களில் நிகழ்ச்சிகள் மிகுதியென்றும், எதிர்பாராத சந்திப்புகள் பலவென்றும், அறிவுரை நீண்டுவிடுகிறதென்றும் திறனாய்வாளர் கூறுவதுண்டு. அக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயின், ஒரு விளக்கின் பெருமையை அதன் வேலைப்பாட்டைக் கொண்டு மட்டும் அளத்தல் பொருந்தாது. அது எந்த இருளில் ஏற்றப்பட்டது என்பதையும் நோக்குதல் வேண்டும். பிற்காலத்தில் ராஜம் கிருஷ்ணன், அனுத்தமா, லக்ஷ்மி முதலிய பெண் எழுத்தாளர்கள் குடும்ப வாழ்வைப் பொருளாகக் கொண்டு எழுதியபோது, அவர்களுக்காகப் படிப்போர் கூட்டம் ஒன்று காத்திருந்தது. அக்கூட்டத்தை உருவாக்கியவர்களுள் கோதைநாயகி அம்மையார் முன்னிற்பவர்.

மாணவர்களே, அம்மையாரின் வாழ்வில் நாம் கற்க வேண்டியது யாது? அறிவாற்றல் இருந்தும் எழுத்தறிவு இல்லாத பெண் ஒருத்தி, மாமியாரின் அன்பாலும், கணவரின் துணையாலும், தோழியின் கையாலும் உயர்ந்தாள். அத்துணைகளுள் ஒன்று இல்லாமற் போயிருப்பினும், அவள் நெஞ்சிலிருந்த 115 கதைகளும் அவளோடே மறைந்திருக்கும். அவ்வாறு மறைந்து போன கதைகள் நம் நாட்டு இல்லங்களில் எத்தனையோ! ஆதலின் கற்கும் வாய்ப்புப் பெற்ற நாம், அவ்வாய்ப்புப் பெறாதார் ஒருவர் நம் வீட்டிலோ தெருவிலோ இருப்பாராயின், பட்டம்மாளைப் போல் ஓர் எழுதுகோலுடன் அவர் அருகில் அமர்வோமாக. அதுவே கோதைநாயகி அம்மையாருக்கு நாம் செய்யும் சிறந்த நன்றியாகும்.