தண்டுவட நீரில் ஒரு சிறு மருந்து

இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தையை மருத்துவமனையில் சேர்க்கும் பெற்றோர் பெரிதும் அஞ்சுவது முதுகில் போடும் ஊசிக்கே. குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்கால்களை வயிற்றோடு மடக்கி, இடுப்பருகே முள்ளெலும்புகளின் இடைவெளியில் மெல்லிய ஊசியைச் செலுத்தித் தண்டுவட நீரில் மருந்தைச் சேர்க்கிறார்கள். அப்படிச் செலுத்தும் மருந்துகளுள் முதன்மையானது மெத்தோட்ரெக்சேட். அதை ஆக்கித் தந்த குழுவின் தலைவர் நம் சென்னையில் பயின்ற ஒருவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

எல்லப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். வீட்டில் வறுமை. பதின்மூன்று வயதில், காசி யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகலாம் என்று வீட்டை விட்டு ஓடினார். தாயார் தேடிப் பிடித்து மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்றார். மூன்றாம் முறையே தேறினார். தேர்வில் ஒருமுறை தவறியதும் கண்ணீர் வடிக்கும் நாம் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சென்னை மருத்துவக் கல்லூரியில், காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவைச் சிகிச்சைக்கும் கதர் அங்கியே அணிந்தார். அது ஆங்கிலப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. உடன்பிறந்தார் இருவர் ஸ்ப்ரூ என்னும் குடல் நோயால் மாண்டனர். நோயை வெல்லும் மருந்து காண்பதே தம் கடமை என்று கொண்டு, 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்றார்.

பாஸ்டனில் மருத்துவமனை ஒன்றில் இரவு வேலை செய்துகொண்டே ஹார்வர்டில் படித்தார். இரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925இல் பிஸ்கேயுடன் சேர்ந்து வெளியிட்டார். ஆயினும் அங்கு நிலையான பதவி கிட்டவில்லை. 1940இல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் குழு போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியது. யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்தையும் தந்தது. போலிக் அமிலத்தைப் போலவே தோன்றி, அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட் ஆகியவையும் அங்கேதான் பிறந்தன. டாக்டர் சிட்னி பார்பர் அமினோப்டெரினை 16 குழந்தைகளுக்குக் கொடுத்துக் கண்ட பயனை 1948இல் வெளியிட்டார். 10 குழந்தைகள் சில காலம் நலம் பெற்றனர். அதே ஆண்டு ஆகஸ்டில், 53ஆம் வயதில், சுப்பாராவ் காலமானார். கடல் கடந்த பின் அவர் தாய்நாடு திரும்பவேயில்லை.

அவருக்குப் பின் மருத்துவர்கள் ஒன்று கண்டனர். இரத்தம் தூய்மையான பிறகும், மூளையைச் சூழ்ந்த சவ்வுகளில் நோயணுக்கள் ஒளிந்திருந்து மீண்டும் தலைதூக்கின. கண்மாய் நிறைந்தாலும் மேட்டுப் புஞ்சைக்குத் தண்ணீர் தானாக ஏறுவதில்லை என்பதை மல்லாங்கிணறு வட்டாரத்து மக்களுக்குச் சொல்லவா வேண்டும்? குடத்தில் சுமந்துபோய் ஊற்றினால்தான் செடி பிழைக்கும். இரத்தத்தில் ஓடும் மருந்தும் அவ்வாறே மூளையின் காப்பரணைப் போதிய அளவில் தாண்டுவதில்லை. ஆகவே 1950கள் முதல் மெத்தோட்ரெக்சேட்டை நேரே தண்டுவட நீரில் செலுத்தத் தொடங்கினர். தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழே ஊசி இறங்குவதால், குழந்தை முடமாகிவிடும் என்று பெற்றோர் கலங்க வேண்டியதில்லை. முன்பு சில மாதங்களில் மடிந்த குழந்தைகளுள் பெரும்பாலோர், நல்ல சிகிச்சை கிடைத்தால், இன்று பிழைத்துப் பள்ளி செல்கின்றனர்.

சுப்பாராவ் நோபல் பரிசு பெறவில்லை. பெற்ற மருந்து போதும் என்று பிழைத்த குழந்தைகள் சாட்சி சொல்கின்றனர். நம் வகுப்பில் கடைசி வரிசையில் இருப்பவளையும் நாம் எளிதாக எண்ணிவிடலாகாது.