சுவாமி சகஜானந்தர் சரிதையும் நம் சிறார் கல்வியும்

நம் சிறார் மன்னர் பெயர்களையும் போர் நிகழ்ந்த ஆண்டுகளையும் நெட்டுருப் பண்ணி ஒப்பிக்கின்றனர். நம் குலத்தார்க்குக் கல்விக்கண் திறந்த பெரியார் யாவரென வினவின், வாய் திறவாது நிற்கின்றனர். இக்குறை நீங்கும்பொருட்டுச் சுவாமி சகஜானந்தர் சரிதையை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுந்தோம்.

இப்பெரியார் ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில், 1890ஆம் ஆண்டு, ஆதிதிராவிட எளிய குடியொன்றில் தோன்றினார். இளமைப் பெயர் முனுசாமி. திண்டிவனத்து அமெரிக்க ஆற்காடு மிஷன் பள்ளியிற் பயின்றார். மதம் மாற இசையாமையின் அதனை விட்டு நீங்கினார். கோலார் தங்கவயலிற் சிலகாலம் இருந்து, பின்னர்ச் சென்னை வியாசர்பாடியிலே கரபாத்திர சுவாமிகளை யடைந்து, சாத்திரங் கற்றுத் துறவு பூண்டார். 1910இல் சிதம்பரம் வந்தார்.

நந்தனார் தீயிற் புகுந்த கதையைக் கேட்டு உருகுதலோடு உலகம் அமைந்தது. அடிகளோ, 1916இல் அந்நந்தனார் பெயராலேயே கல்விக் கழகம் நிறுவி, 25 மாணாக்கருடன் பள்ளி தொடங்கினார். தீண்டாதாரென விலக்கப்பட்டோரின் மக்கள் அங்கே எழுத்தறிந்தனர். 1926இல் சென்னைச் சட்டசபை புகுந்து, கல்விக்கும் ஆலயப் பிரவேசத்திற்கும் வாதாடினார். 1959 மே 1ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

அதே 1926இல், அமெரிக்க நாட்டில், முன்பு அடிமைகளாயிருந்த பெற்றோர்க்குப் பிறந்த கார்ட்டர் உட்சன் என்னும் அறிஞர், கறுப்பின மக்களின் சரித்திரத்தைச் சிறார்க்குப் போதிக்கப் பிப்ரவரியில் ஒரு வாரம் வகுத்தார். 1976இல் அது ஒரு மாதமாக விரிந்தது. முன்னோர் செயல் அறியாத பிள்ளை, பிறர் உரைக்கும் இழிவையே தன் இயல்பென்று நம்பும். இது கடலுக்கு அப்பாலும் இப்பாலும் ஒன்றே.

ஆகலின், இழிவை மறைத்தலும் தகாது. இழிவை மாத்திரம் உரைத்தலும் தகாது. துன்பத்தையும் அதனை வென்ற முயற்சியையும் ஒருங்கே உணர்த்தல் வேண்டும். விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளிலுள்ள ஆசிரியன்மார் இச்சரிதையை வகுப்பிற் கூறுக. பெற்றோர், இரவு விளக்கேற்றியபின் பிள்ளைகளை அருகிருத்திக் கூறுக. எழுத்தறியாத தாயும் இதனைச் சொல்லலாம். கதை சொல்லப் பட்டம் வேண்டுவதில்லை. ஆண்டுக்கொருமுறை படத்திற்கு மாலையிடுதல் எளிது. திண்டிவனத் தெருவில் நடக்கும் சிறுவன், இவ்வூரிற் பயின்ற ஒருவரே பின்னர்ப் பள்ளி கண்டார் என்றறிந்து தலைநிமிர்வானாயின், அதுவே அடிகட்கு நாம் செய்யும் உண்மை வழிபாடாம்.