ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து தந்த சென்னை மாணவர்: யார் இந்த எல்லப்பிரகட சுப்பாராவ்?

மெத்தோட்ரெக்ஸேட். மூட்டுவாதம், சோரியாசிஸ், ரத்தப் புற்றுநோய்னு பல நோய்களுக்கு டாக்டர்கள் இன்னைக்கும் எழுதித் தரும் மருந்து. அதை உருவாக்கிய ஆய்வுக் குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பெயர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

கதரால் கைநழுவிய பட்டம்

1895-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேறவே 3 முறை எழுத வேண்டியிருந்தது. மருத்துவம் படிக்கும்போது காந்தியின் அழைப்பை ஏற்று கதர் அணிந்தார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கல. விளைவு, எம்பிபிஎஸ் பட்டத்துக்குப் பதிலாக அதைவிடக் குறைந்த எல்எம்எஸ்தான் கிடைத்தது.

பிறகு அமெரிக்கா போனார். ஹார்வர்டில் முக்கியமான ஆய்வுகள் செய்தும் நிரந்தரப் பதவி கிடைக்கல. 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார்.

மருந்து எப்படி வேலை செய்கிறது?

செல் பிரியணும்னா புது டிஎன்ஏ வேணும். அதைக் கட்ட ஃபோலிக் ஆசிட் தேவை. அதைச் செயற்கையாகத் தயாரித்த சுப்பாராவ் குழு, அடுத்து அதன் போலியையும் உருவாக்கியது. அதுதான் அமினோப்டெரின். போலியால் ஏமாறும் புற்றுசெல்லால் டிஎன்ஏவைக் கட்ட முடியாது. பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் இதை தீவிர ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. இதன் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட்.

இப்போதும் ஏன் தேவை?

சிஎம்எல் என்ற நாள்பட்ட ரத்தப் புற்றுநோயில் 9, 22-ம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி, ஒரு தப்பான மரபணு உருவாகிறது. 2001-ல் வந்த இமாட்டினிப் மாத்திரை அந்த மரபணுவின் புரதத்தை முடக்குகிறது. ஆனா நோய் முற்றும்போது புதுப்புது மரபணு மாற்றங்கள் சேரும். சில மாற்றங்கள் மாத்திரையையே செயலிழக்கச் செய்யும். சிலருக்கு நோய், லிம்பாய்டு வகை தீவிரப் புற்றுநோயாக மாறும். அப்போது புதிய மாத்திரைகளுடன் தரும் கீமோதெரபியில் மெத்தோட்ரெக்ஸேட்டும் இடம்பெறுவதுண்டு. எந்த மரபணு கெட்டிருந்தாலும், செல் பிரிய டிஎன்ஏ வேணும் இல்லையா? சுப்பாராவ் குழு கை வைத்தது அந்த அடிப்படையில்தான்.

ஃபார்பரின் ஆய்வு 1948 ஜூனில் வெளியானது. அதே ஆகஸ்டில், 53 வயதில், தூக்கத்திலேயே சுப்பாராவ் இறந்தார். நோபல் பரிசு கிடைக்கல. 1995-ல், நூற்றாண்டையொட்டி இந்தியா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.